தொராஜி வேர்: கசப்பு எடுப்பது, சமைப்பது, வளர்ப்பது

நெய்தல் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். நாங்கள் இருப்பது தென்கொரியாவில், சுவோன் நகரில். சந்தைக்குப் போனால் பாட்டிமார் தரையில் உட்கார்ந்து வெள்ளையான ஒரு வேரைக் கத்தியால் கீறிக் கீறிக் கூறு கட்டி விற்கிறார்களே, அந்தத் தொராஜியைப் பற்றிக் கேட்கத்தான் இந்த இழை. சோற்றின் மேல் பலவகைக் காய்களை வைத்துக் கலந்து சாப்பிடும் பிபிம்பாப்பில், கேரட்டுக்கும் கீரைக்கும் நடுவில் வெள்ளை நார் மாதிரி வரும். கடையில் சாப்பிட்டால் மெல்லிய கசப்பும் நறுக்கென்ற கடியும் அருமையாக இருக்கிறது. பச்சை வேரை வாங்கிக் கடித்துப் பார்த்தால் தொண்டை வரை கசக்கிறது. நடுவில் இவர்கள் என்ன செய்கிறார்கள்?

இன்னொன்று. வார இறுதித் தோட்டம் ஒன்றில் எங்களுக்கு ஒரு சின்னப் பாத்தி கிடைத்திருக்கிறது. அதில் இதை வளர்க்க முடியுமா? எத்தனை மாதத்தில் வேர் எடுக்கலாம்? நாங்கள் சைவம், அதையும் மனதில் வைத்துச் சொல்லுங்கள்.

ஜொன்ஜு அக்கா எழுதியது:

வாம்மா நெய்தல். சமையலை நான் சொல்றேன், தோட்டத்தைத் தெரிஞ்சவங்க சொல்லட்டும்.

தோலோட வாங்கினா மண் போகக் கழுவி, தலைப்பக்கம் கத்தியை வைச்சு லேசா இழுத்தா தோல் சுருண்டு வரும். கொஞ்ச நேரம் தண்ணில போட்டு வைச்சுட்டு உரிச்சா இன்னும் சுலபம். தடிச்ச வேரை நீளவாக்கில கீறி, கையாலேயே இழை இழையா பிரிக்கணும். குறுக்கே வெட்டக்கூடாது. நார் ஓடுற திசையிலேயே பிரிச்சாத்தான் அந்த நறுக்குனு இருக்கிற கடி நிக்கும்.

300 கிராம் இழைக்கு ஒன்றரை மேசைக்கரண்டி கல்லுப்பு. கல்லுப்புதான், தூள் உப்பு வேண்டாம். அந்தச் சொரசொரப்பு வேரைத் தேய்ச்சுக் கொடுக்கணும். துணி கசக்குற மாதிரி நல்லா அழுத்தித் தேய்ச்சா நுரை வரும், வேர் துவளும். ரெண்டு மூணு தண்ணில அலசிட்டுக் குளிர்ந்த தண்ணில அரை மணி நேரம் ஊற விடு. ஒரு இழையை எடுத்து வாயில போட்டுப் பாரு. கசப்பு உன் நாக்குக்குச் சரினு பட்டா அதோட நிறுத்திடு.

அப்புறம் இதுல ரெண்டு வழி.

வெள்ளை வதக்கல், அதாவது தொராஜி நாமுல்: கொதிக்கிற தண்ணில ஒரு நிமிஷம் போட்டு எடுத்துப் பிழி. சட்டில பெரில்லா எண்ணெய் விட்டுப் பூண்டு, சூப்புக்கு ஊத்துற வெளிர் சோயா சாஸ் கொஞ்சம், வேர் எல்லாம் போட்டு ரெண்டு நிமிஷம் பிரட்டு. கால் கப் தண்ணி விட்டு மூடி, சின்னத் தீயில அஞ்சு நிமிஷம். தண்ணி வத்தினதும் வறுத்த எள்ளு தூவி இறக்கு. இங்கே நிறைய வீட்ல நெத்திலிக் கருவாடு கொதிக்க வைச்ச தண்ணியைத்தான் ஊத்துவாங்க. அதனால வெளிய சாப்பிடும்போது கேட்டுட்டுச் சாப்பிடு. வீட்ல நீ தாஷிமா கடற்பாசி ஊறின தண்ணியை விட்டுக்கலாம், ருசி ஒண்ணும் குறையாது.

சிவப்புப் பிசறல், அதாவது முச்சிம்: இதுக்கு வேக வைக்க வேண்டாம். உப்புல தேய்ச்சு அலசிப் பிழிஞ்ச பச்சை வேரோட, உப்பு போட்டுப் பிழிஞ்ச வெள்ளரித் துண்டு. கொச்சுகாருனு சொல்ற கொரிய மிளகாய்த்தூள் ரெண்டு கரண்டி, கொச்சுஜாங்னு சொல்ற மிளகாய் விழுது ஒரு கரண்டி, வினிகர் ரெண்டு, சர்க்கரை ஒண்ணு, பூண்டு, எள்ளு. முதல்ல மிளகாய்த்தூளை மட்டும் போட்டுப் பிசறி நிறம் ஏறட்டும், மத்தது அப்புறம். சில பேர் மெசில்னு சொல்ற பச்சைப் பிளம் காயோட பாகு சேர்ப்பாங்க, சேர்த்தா சர்க்கரையைக் குறைச்சுக்கோ. ரசம் சாதத்துக்கு இதைத் தொட்டுக்கிட்டுப் பாரேன்.

குறிஞ்சி எழுதியது:

அக்கா, என் கொரியத் தோழி முந்தின நாள் இரவே ஊறப்போட்டு, காலையில் தண்ணீர் மாற்றி மறுபடியும் ஊறப்போடுவாள். அரை மணி நேரம் போதுமா? என் பிள்ளைகள் துளிக் கசப்பு இருந்தாலும் தட்டை ஒதுக்கிவிடுவார்கள்.

ஜொன்ஜு அக்கா எழுதியது:

பிள்ளைகளுக்குனா செய்யலாம் குறிஞ்சி, தப்பில்லை. பெரியவங்களுக்குச் செய்யும்போது நான் அப்படிச் செய்ய மாட்டேன். ராத்திரி முழுக்க ஊறின தொராஜில கசப்போட சேர்ந்து மணமும் போயிடும். அப்புறம் அது வெறும் நார், சாஸ் ருசிதான் மிச்சம். அதுக்கு முள்ளங்கியே வாங்கிடலாமே. பாகற்காயை உப்புப் போட்டுப் பிசறிப் பிழியறோம், ஆனா பாகற்காய்னு தெரியாத அளவுக்கா பிழியறோம்? இங்கே வயசானவங்க வீட்ல செய்ற தொராஜில அந்தக் கடைசிக் கசப்பு நிச்சயமா இருக்கும். சோறு ஒரு வாய், இது ஒரு இழைனு மாத்தி மாத்திச் சாப்பிடும்போதுதான் அதோட அருமை தெரியும்.

இன்னொண்ணும் சொல்லணும். சூசொக், சொல்லால் பண்டிகையிலயும் முன்னோர் படையலான ஜேசாவிலயும் மூணு நிறத்துல நாமுல் வைப்பாங்க. வெள்ளைக்குத் தொராஜி, பழுப்புக்குக் கொசாரினு சொல்ற காட்டுப் பெரணித் தண்டு, பச்சைக்குக் கீரை. வேர் முன்னோர், தண்டு பெற்றோர், இலை நாமனு ஒரு விளக்கமும் சொல்வாங்க. படையல் சாப்பாட்டுல மிளகாய்த்தூளும் பூண்டும் சேர்க்கிறதில்லை. மூடி மறைக்க ஒண்ணும் இல்லாததால, வேரை எவ்வளவு பக்குவமா தேய்ச்சு அலசியிருக்காங்கனு அந்தத் தட்டுல அப்படியே தெரிஞ்சுடும். புத்த மடங்கள்லயும் பூண்டு, வெங்காயத்தாள் கிடையாது. பூண்டு சாப்பிடாத நம்ம ஆட்கள் மடத்துச் சமையல் முறையைப் பார்த்து அப்படியே செய்யலாம்.

வேர்க்கால் எழுதியது:

நான் தாவர அறிவியல் துறையில் இருப்பவன். அக்கா சொன்ன நுரையிலிருந்து தொடங்குகிறேன். இந்த வேரின் கசப்புக்குக் காரணம் சப்போனின் என்னும் சேர்மங்கள். அவற்றில் முக்கியமானது பிளாட்டிகோடின் டி. சப்போனின் நீரில் கரையும், சோப்பு போல நுரைக்கும். உப்பு வேரிலிருந்து நீரை வெளியே இழுக்கும்போது கசப்பும் கூடவே வருகிறது. தோலிலும் மெல்லிய பக்க வேர்களிலும் சப்போனின் கூடுதல். ஆகவே சல்லி வேர்களைத் தனியே எடுத்து, அவற்றை மட்டும் இன்னும் கொஞ்ச நேரம் ஊற வைப்பது நல்லது.

செடியின் பெயர் பிளாட்டிகோடோன் கிராண்டிஃபுளோரஸ். அந்தப் பேரினத்தில் இது ஒரே ஒரு இனம்தான். கொரியா, சீனா, ஜப்பான், ரஷ்யாவின் தூரக்கிழக்குப் பகுதி ஆகியவை இதன் தாயகம். ஜூலை, ஆகஸ்டில் மொட்டுகள் காற்றடைத்தது போல உப்பி நிற்கும். பிறகு ஐந்து முனையுள்ள ஊதா நட்சத்திரமாக விரியும். வெள்ளைப் பூ வகையும் உண்டு.

விதை பற்றி நான்கு விஷயம். புது விதை வாங்குங்கள். ஓராண்டு தாண்டினால் முளைப்புத் திறன் வெகுவாக விழுந்துவிடும். விதை மிகச் சிறியது, மணலோடு கலந்து தூவினால்தான் சீராக விழும். முளைக்க வெளிச்சம் உதவுகிறது, அதனால் ஆழமாகப் புதைக்காமல் மேலாக மண் தூவி, ஈரம் காயாமல் இருக்க மெல்லிசாக வைக்கோல் பரப்பினால் போதும். இரண்டு மூன்று வாரத்தில் முளைத்ததும் வைக்கோலை விலக்கிவிட வேண்டும். நாற்று விட்டுப் பிடுங்கி நடுவதைத் தவிருங்கள். ஆணிவேர் நுனி ஒடிந்தால் வேர் பல கிளையாகப் பிரிந்து, உரிக்கச் சிரமமான உருவத்தில் வளரும். மார்ச், ஏப்ரலில் விதைக்கலாம். குளிருக்குச் சற்று முன்பு இலையுதிர் காலத்திலும் விதைக்கலாம்; அவை வசந்தத்தில் முளைக்கும்.

வடமராட்சி எழுதியது:

நான் சுங்ச்சொங் பக்கம் இருக்கிறன். வேலை தொழிற்சாலையில. நான் இருக்கிற வீட்டுக்குப் பின்னால ஒரு வயது போன ஐயாவின்ர தோட்டம். ஞாயிற்றுக்கிழமையில அவருக்குக் கை குடுக்கிறனான். அவர் காட்டித் தந்ததை எழுதுறன்.

தொராஜிக்கு முதல் எதிரி தண்ணி தேங்கிறது. ஜூன் கடைசியில சாங்மா எண்டு சொல்ற கோடை அடைமழை தொடங்கினால் நிலம் ஊறிப் போகும். அந்த நேரத்தில பள்ளமான பாத்தியில நிண்டால் வேர் அழுகிப் போகும். உயர்த்திப் பாத்தி கட்டி, ரெண்டு பக்கமும் வாய்க்கால் வெட்டி விடவேணும். மண் ஆழமாய்க் கொத்தினதாய், மணல் கலந்ததாய் இருக்கவேணும். கல்லு இருந்தால் வேர் கோணிப் போகும்.

இரண்டாவது எதிரி களை. முதல் வருசம் செடி சரியான சின்னது, மெதுவாய்த்தான் எழும்பும். களை அதை மூடிப் போடும். முதல் வருசம் முழுக்க இருந்து இருந்து கையால பிடுங்கிறதுதான் வேலை. இரண்டாம் வருசம் செடியே நிலத்தை மூடிப் போடும், பிறகு பயமில்லை. நெருக்கமாய் முளைச்சால் ஒரு சாண் அளவுக்கு இல்லாட்டியும், நாலு விரல் இடைவெளியாவது வரக் கலைச்சு விடுங்கோ. கலைக்கிற இளம் செடியின்ர குருத்தை அவிச்சுச் சாப்பிடலாம்.

கிண்டுறது இரண்டாம் வருசம் அல்லது மூன்றாம் வருசம். இலை காய்ஞ்ச பிறகு அக்டோபர், நவம்பரில, இல்லாட்டி வசந்தத்தில முளை வர முதல். மாதக் கணக்கு இதுக்குச் சரிவராது தங்கச்சி, வருசக் கணக்குத்தான்.

நெய்தல் எழுதியது:

அண்ணா, அக்கா, எல்லோருக்கும் நன்றி. ஆனால் ஒரு சிக்கல். எங்கள் தோட்ட வாடகை ஏப்ரலிலிருந்து நவம்பர் வரைதான். அதன் பிறகு எல்லாப் பாத்தியையும் சேர்த்து உழுதுவிடுவார்கள். அடுத்த ஆண்டு அதே இடம் கிடைக்கும் என்று உறுதியில்லை. இரண்டு வருடம் நிற்க வேண்டிய பயிரை நான் எங்கே வைப்பது?

வேர்க்கால் எழுதியது:

வாடகைப் பாத்தியில் விதைக்க வேண்டாம். அதற்குப் பதில் இரண்டு வழி உண்டு. ஒன்று, வசந்தத்தில் நாற்றுச் சந்தைகளில் ஓராண்டு வளர்ந்த தொராஜி வேரையே நடுவதற்கென்று விற்பார்கள். ஏப்ரலில் நட்டால் நவம்பரில் இரண்டாண்டு வேர் கையில் இருக்கும், உழுவதற்குள் எடுத்துவிடலாம். மற்றொன்று, ஆழமான தொட்டி அல்லது வளர்ப்புப் பை. குறைந்தது 40 செ.மீ. ஆழம் வேண்டும். தோட்ட மண், மணல், மட்கு மூன்றும் கலந்து, அடியில் துளைகள் தாராளமாக இருக்கட்டும். ஒரு நாளில் பாதி நேரமாவது நேர் வெயில் விழும் மாடம் போதும்.

குளிர்காலத்தில் மேல் செடி முழுவதும் காய்ந்து மறைந்துவிடும், வேர் மண்ணுக்குள் உறங்கும். வசந்தத்தில் மற்ற செடிகளுக்குப் பிந்தித்தான் எழும். செத்துவிட்டது என்று நினைத்து அந்தத் தொட்டியைக் கொட்டிவிடுபவர்கள் நிறைய. ஒரு குச்சியில் பெயர் எழுதிக் குத்தி வையுங்கள்.

குறிஞ்சி எழுதியது:

பூவை விடலாமா, கிள்ள வேண்டுமா? மொட்டை விரலால் அமுக்கினால் டப் என்று வெடிக்கும், என் சின்னவளுக்கு அதில் அவ்வளவு சந்தோஷம்.

வடமராட்சி எழுதியது:

வேர் பெருக்க வேணுமெண்டால் பூந்தண்டைக் கிள்ள வேணும். பூ, காய், விதை எல்லாத்துக்கும் போற சத்து வேருக்குப் போகும். விதைக்கு நாலைஞ்சு செடியை விட்டிட்டு மிச்சத்தைக் கிள்ளுவார் ஐயா. பிள்ளைக்கு ஒரு தொட்டியைத் தனியாய் விட்டுக் குடுங்கோ, அதில கிள்ளாதேங்கோ.

மூன்று நாலு வருசத்துக்கு மேல ஒரே இடத்தில விட்டாலும் வேர் அழுகத் தொடங்கும். ஜிஞ்சு பக்கம் இருபது வருசத்துக்கு மேல வளர்த்த தொராஜி எண்டு விக்கிறது இருக்கு. அது ஒரே குழியில நிண்டதில்லை. சில வருசத்துக்கு ஒருக்கால் கிண்டிப் புது மண்ணுக்கு மாத்தி மாத்தி வளர்த்தது. அந்த உழைப்புக்குத்தான் அந்த விலை.

மலைப்பாதை எழுதியது:

நான் கங்வொன் மாகாணத்தில் இருக்கிறேன். தொராஜியைப் பற்றிப் பேசும்போது அதன் உறவான தொதொக் என்ற வேரை விட்டுவிடக் கூடாது. இரண்டும் ஒரே குடும்பம். தொதொக் கொடியாகச் சுற்றி ஏறும். கம்பு நட்டுக் கொடுக்க வேண்டும். இலையை உரசினாலே மணம் தூக்கும், மலையில் நடக்கும்போது கண்ணுக்கு முன் மூக்குதான் அதைக் கண்டுபிடிக்கும். எங்கள் பக்கம் ஹெங்சொங் ஊர்த் தொதொக்குக்குப் பெயர் அதிகம்.

உரிக்கும்போது பிசுபிசுவென்று பால் வடியும், கையுறை போட்டுக்கொள்ளுங்கள். கொதிநீரில் சில நொடி முக்கி எடுத்தால் தோல் சுற்றிச் சுற்றி வந்துவிடும். நீளவாக்கில் பிளந்து, கட்டையால் மெதுவாகத் தட்டி விரிக்க வேண்டும். ஓங்கி அடித்தால் சிதறிவிடும். முதலில் எள்ளெண்ணெயும் சோயாவும் தடவி லேசாகச் சுட்டு, பிறகு கொச்சுஜாங் கலவை பூசி மறுபடி சுடுவார்கள். கொச்சுஜாங்கைத் தொடக்கத்திலேயே பூசினால் வேர் வேகுமுன் அது கருகிவிடும். சைவ உணவுக்காரர்களுக்கு இந்த ஊரில் இதைவிட நிறைவான ஒரு சுட்ட பதார்த்தம் எனக்குத் தெரியாது.

ஒரு எச்சரிக்கை, தயவுசெய்து எல்லோரும் படியுங்கள். மலையில் தானாக முளைத்த வேரைக் கிண்டி எடுத்து வந்து சமைக்காதீர்கள். சாரிகோங் என்ற நச்சுச் செடியின் வேர் தொராஜி, தொதொக் போலவே தோன்றும். இலை இல்லாத முன்வசந்தத்தில் குழப்பம் இன்னும் அதிகம். சாப்பிட்டால் வாந்தி, வயிற்றுப்போக்கு. உணவு மருந்துப் பாதுகாப்பு அமைச்சகம் வசந்த காலத்தில் இதைப் பற்றி எச்சரிக்கை கொடுப்பதுண்டு. கோடையில் சிவந்த தண்டும், கருஊதா நிறத்தில் கொத்தாகத் தொங்கும் பழமும் உள்ள செடியைப் பார்த்தால் அதுதான்.

இளவேனில் எழுதியது:

தொராஜி இருமலை அறவே போக்கும், ஆஸ்துமாவுக்கும் மருந்து, மாத்திரையே தேவையில்லை என்று என் அலுவலகத்தில் சொல்கிறார்கள். கடையில் விற்கும், தொராஜி சேர்த்த பேரிக்காய்ச் சாறு பாக்கெட்டைத் தினமும் குடிக்கிறேன்.

வேர்க்கால் எழுதியது:

இளவேனில், சளிக்கும் தொண்டைக்கும் இந்த வேரைக் கொரிய, சீன மரபு மருத்துவம் நெடுங்காலமாகப் பயன்படுத்துகிறது. அது உண்மை. அதிலிருந்து “ஆஸ்துமாவுக்கு மாத்திரை வேண்டாம்” என்ற முடிவுக்குப் போவது ஆபத்து. இன்ஹேலரை நிறுத்தாதீர்கள். தினசரி மருந்து எடுப்பவர்களும் கர்ப்பிணிகளும் செறிவூட்டிய சாற்றைத் தொடருமுன் மருத்துவரைக் கேளுங்கள். தட்டில் ஒரு பிடி நாமுல் சாப்பிடுவது வேறு, காய்ச்சி வடித்த சாற்றை நாள்தோறும் குடிப்பது வேறு.

ஜொன்ஜு அக்கா எழுதியது:

தம்பி சொல்றதுதான் சரி. பாக்கெட்ல சர்க்கரை எவ்வளவுனும் பாரு இளவேனில். வீட்ல வைக்கிறது சுலபம்: கொரியப் பேரிக்காய் ஒண்ணு துண்டு போட்டு, உரிச்ச தொராஜி ஒரு கைப்பிடி, இஞ்சி ரெண்டு சில்லு, ஒரு லிட்டர் தண்ணி. சின்னத் தீயில ஒரு மணி நேரம். வடிகட்டி, சூடு ஆறினப்புறம் தேன். தொண்டைக்கு இதமா இருக்கும், அவ்வளவுதான் நான் சொல்வேன்.

இனிப்பு வேணும்னா ஜொங்குவா பண்ணு. தடிச்ச வேரை முழுசா உரிச்சு, உப்புத் தண்ணில வேக வைச்சு அலசி, வேர் மூழ்குற அளவு தண்ணி, சர்க்கரை, ஜோச்சொங்னு சொல்ற அரிசிப் பாகு சேர்த்துக் குறைஞ்ச தீயில வைக்கணும். கிளறவே கூடாது, அப்பப்ப பாகை மேலே எடுத்து ஊத்தினா போதும். ஆற விட்டு, திரும்பச் சூடாக்கி, மறுபடி ஆற விட்டா வேர் கண்ணாடி மாதிரி ஆகும். இதுல கசப்பு கொஞ்சம் தூக்கலா இருக்கணும், அப்பத்தான் திகட்டாது.

ஸ்ரீபெரும்புதூர் வாசகி எழுதியது:

சென்னைப் பக்கம் கொரியர்கள் நிறைய இருப்பதால் இங்குள்ள கொரிய மளிகைக் கடையில் காய்ந்த தொராஜி எப்போதாவது வருகிறது. அதை எப்படிச் சமைப்பது? மாடித் தோட்டத்தில் விதைத்துப் பார்க்கலாமா?

ஜொன்ஜு அக்கா எழுதியது:

காய்ஞ்சது ராத்திரி முழுக்க ஊறணும்மா. காலையில அதைப் புதுத் தண்ணில அரை மணி நேரம் கொதிக்க விட்டு, அதே தண்ணில ஆற விட்டு, அலசிக் கசப்பு பாரு. விறைப்பா இருந்தா இன்னொரு கொதி. அப்புறம் வதக்கல்தான் செய்யணும், பச்சைப் பிசறலுக்கு ஆகாது.

வேர்க்கால் எழுதியது:

மாடித் தோட்டம் பற்றி: உறைபனியில் உறங்கி எழும் செடி இது. சென்னை வெயிலில் நான் பரிந்துரைக்க மாட்டேன். ஊட்டி, கொடைக்கானல் போன்ற உயரத்தில் இருப்பவர்கள் முயலலாம். யாராவது கொரியாவிலிருந்து வரும்போது விதையைப் பெட்டியில் போட்டுக் கொண்டுவரச் சொல்லாதீர்கள். இந்தியாவின் தாவரத் தனிமைப்படுத்தல் ஆணை, 2003-இன்படி விதைக்கு இறக்குமதி அனுமதியும் நோயற்றது என்ற சான்றும் வேண்டும்.

இந்தச் சமையலின் கைப்பழக்கம் வேண்டுமானால் தாமரைக் கிழங்கில் தொடங்குங்கள். சோயாவும் பாகும் சேர்த்துச் சுண்ட வைக்கும் யொங்குன் ஜோரிம் இங்கே பல வீடுகளில் உண்டு. நம் ஊரில் வற்றல் போடும் அதே கிழங்குதான்.

நெய்தல் எழுதியது:

இன்று சந்தைக்குப் போய் உரிக்காத வேரே வாங்கிவிட்டேன். பலகையில் 국산 என்று இருந்தால் உள்நாட்டுச் சரக்கு, 중국산 என்றால் சீனச் சரக்கு என்று பக்கத்து வீட்டு அம்மா காட்டிக்கொடுத்தார். இரண்டுக்கும் விலை வித்தியாசம் அதிகம். உரித்துக் கீறி வைத்த கூறுகள் பல சீனாவிலிருந்து வருபவை என்றும் சொன்னார்.

தொட்டி வழியே எங்களுக்குச் சரி. ஒரு கேள்வி மட்டும்: தொட்டிக்கு விதையா, ஓராண்டு வேரா?

வடமராட்சி எழுதியது:

ரெண்டும் போடுங்கோ தங்கச்சி. ஒரு தொட்டியில வேர், நட்ட வருசம் முடியேக்க சாப்பிடலாம். மற்றதில விதை. வேரை நடேக்க தலைப்பக்கம் மேலயும் நுனி கீழயுமாய்ச் சரிச்சு வையுங்கோ, தலைக்கு மேல ரெண்டு விரல் மண் போதும். மாட்டெருவெண்டால் நல்லாய் உக்கினதுதான் போடவேணும், பச்சை எரு வேரை அழுகப் பண்ணும். சாங்மா மழை நேரம் தொட்டியை அடைமழை விழாத இடத்துக்கு நகர்த்தி வையுங்கோ.